இளங்கீரனின் காருக்கு ஒரு ஸ்டார்ட்டர்

ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கும்போது எல்லோரும் முதலில் அதன் எடையைப் பார்ப்பார்கள். அது பிழை. முதலில் பல்லை எண்ண வேண்டும்.

தண்ணீருக்கு நன்றி. உங்களைப் பிள்ளை என்று கூப்பிடலாம்தானே? ஸ்டுட்கார்ட் பொலிஸில் தர்மிகா என்ற பெயரோடு, தமிழ் பேசுகிற ஒருவர் எனக்கு முன்னால் உட்காருவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்த நல்ல ஸ்டார்ட்டர் வந்த பெட்டியில் நான்கு வருடத்துக்கு முந்தைய திகதி இருக்கிறது. அதை ஏன் இந்த மார்ச் மாதம்தான் காரில் பொருத்திப் பூட்டினேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இன்ஷூரன்ஸ்காரருக்கு இது தோன்றவில்லை. சொல்கிறேன்.

இளங்கீரனும் நானும் ஒரே கிழமையில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அகதிகள் தங்கும் ஹைமில் ஒரே அறை, அவன் மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில். பிறகு அவன் கடைசல் பட்டறைக்குப் போனான். நான் பழைய ஸ்டார்ட்டர், டைனமோ கட்டிக் கொடுக்கும் இடத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். என் மனைவி சந்திரகாந்தி புற்றுநோயில் போனபின், வாரத்தில் ஆறு நாள் எனக்குப் பேச ஆளில்லை. ஏழாவது நாள் சனிக்கிழமை. அன்று இளங்கீரனின் கராஜ் இருந்தது.

அந்தக் கார் உங்களுக்குத் தெரியும். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், நாமே பூட்டிக் காராக்க வேண்டும். இரண்டு பேர் இருக்கலாம், கூரை கிடையாது, மொத்தமே அறுநூறு கிலோ. எஞ்சினைப் பழைய கார் உடைக்கும் இடத்தில் எடுத்து, பிஸ்டனை மாற்றி, அழுத்தத்தை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரைக்கு ஏற்றினான். கெட்டிக்காரன். ஆனால் அப்படி முறுக்கேற்றிய எஞ்சினைப் பழைய ஸ்டார்ட்டரால் சுற்ற ஏலாது. கிழவனைப் பிடித்து நெல்மூட்டை தூக்கச் சொன்னது போல முனகும். அதற்கு உள்ளே பல்சக்கரம் வைத்த புதுவகை வேண்டும். எடை பாதி, பலம் இரட்டிப்பு.

இது எனக்கு முதல் நாளே தெரியும். அந்தக் கிழமையே ஒன்றை எடுப்பித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் நிலவறையில், சந்திரகாந்தியின் தையல் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன்.

ஏனென்றால் இளங்கீரன் அன்று ஒரு சத்தியம் செய்திருந்தான். "கார் தன்ர காலில ஓடினாப் பிறகுதான் ரொறொன்ரோவுக்குப் போவன் அண்ணை. அதுவரைக்கும் ஆர் கூப்பிட்டாலும் அசைய மாட்டன்."

அங்கே அவன் மகள் பிரபாலினி இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் இரண்டு. போனால் திரும்பி வரமாட்டான். கார் ஓடாதவரைக்கும் அவன் இங்கே. நான் செய்ததெல்லாம் இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

முதலில் ஒன்பது பல் உள்ளதைப் பூட்டினேன். அது சுற்றவேண்டிய எஞ்சினின் பெரிய சக்கரத்துக்குப் பத்துப் பல் வேண்டும். இரண்டு மாதத்தில் சக்கரத்தைக் கடித்துத் தின்றுவிட்டது. கியர்பெட்டியைக் கழற்றி மீண்டும் பூட்ட ஒன்பது மாதம். அடுத்ததைப் புகைக்குழாயோடு ஒட்டி வைத்தேன். குளிரில் நன்றாகச் சுற்றும், சூடேறினால் செத்துவிடும். காரணம் தேட ஒரு வருடம். பிறகு பழையதையே திருத்திக் கட்டி, இது போதும் என்றேன். அது முனகிக்கொண்டே இன்னும் இரண்டு வருடம் தந்தது. யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. அவை நல்ல வருடங்கள், பிள்ளை.

அவன் மனைவி ரஞ்சினிதான் சில நேரம் கதவடியில் வந்து நின்று பகிடி பண்ணுவார். "அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் இதைக் கட்டி முடிக்கேக்குள்ள என்ர பேரன் லைசன்ஸ் எடுத்திடுவான்."

"அவன்தான் வந்து ஓடட்டுமே" என்பேன்.

"இருபத்தாறு வருசம் ஸ்டார்ட்டர் கட்டின மனுசன்" என்று இளங்கீரன் எஞ்சினுக்குள்ளிருந்து குரல் கொடுப்பான். "சிநேகிதனுக்கு ஒண்டு தெரிஞ்சு எடுக்க ஏலாமக் கிடக்கு. வெளியில சொல்லாதையும், பரராசசிங்கத்தின்ர மானம் போயிடும்."

பெப்ரவரியில் பகிடி நின்றது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான். "பரா அண்ணை, ஓடினாலும் போறன், ஓடாட்டிலும் போறன். ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஓடாட்டிக் கழட்டி வித்துப்போட்டுப் போறன். எனக்கும் வயசு போகுது."

"அதுவும் சரிதான்" என்றேன்.

வீட்டுக்குப் போய் நிலவறையிலிருந்து பெட்டியை மேலே எடுத்து வந்தேன். போகிறவனுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் அல்லவா?

இப்போது கராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரை வாசல் பக்கம் சரிவு. கைபிரேக் கம்பி இன்னும் பூட்டவில்லை. அதனால் காரை எப்போதும் முதல் கியரில்தான் விடுவோம், உருளாமல் நிற்கும். இப்போதைய கார்கள் கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகா. எங்கள் காரில் அந்த வசதி இல்லை. இளங்கீரனுக்கு ஒரு பழக்கம். எஞ்சின் பிடிக்கும் கணத்தில் வால்வுகளின் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும். அதற்காக எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் வைத்திருந்தான். காரின் மூக்குக்கும் முன்சுவரோடு இருக்கும் இரும்பு மேசைக்கும் நடுவில் நின்று, குனிந்து, அதை அழுத்துவான்.

என் வேலை சின்னது. சாரதி இருக்கையில் உட்கார்ந்து கியரை நடுவுக்கு, அதாவது நியூற்றலுக்கு, கொண்டுவர வேண்டும். சாவியைத் திருப்ப வேண்டும். அவன் "நியூற்றலோ?" என்று கேட்பான். நான் "ஓம், நியூற்றல்" என்பேன். அதன் பிறகுதான் அழுத்துவான். எத்தனை நூறு தடவை என்று தெரியாது. ஒருநாளும் அவன் எட்டிப் பார்த்ததில்லை. நான் சொன்னால் சரி.

பழைய ஸ்டார்ட்டரில் கியரைத் தப்பவிட்டாலும் கார் சற்றுத் துடித்து நின்றுவிடும். புதியது அப்படியல்ல. வெள்ளிக்கிழமை தனியாகப் போய்த்தான் அதைப் பூட்டினேன். சாவியைத் திருப்பாமல், முதல் கியரில் விட்டு, மோட்டாருக்கு நேரே மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். எஞ்சின் பிடிக்காமலே கார் தானாக நடந்துபோய் மேசையைத் தொட்டது. நான் பக்கவாட்டில் நின்றேன். நான் கவனமான ஆள். பிறகு காரைப் பின்னுக்குத் தள்ளி, பழைய இடத்திலேயே விட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. ரஞ்சினி மீன் ரோல்ஸ் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தார். இளங்கீரன் புது மேலங்கி போட்டிருந்தான், கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி.

"இண்டைக்கு இவள் கத்தாட்டி, உங்களை உள்ள வச்சுப் பூட்டிப்போட்டுத்தான் பிளேன் ஏறுவன்" என்றான்.

"கத்துவாள்" என்றேன்.

குனிந்தான். "நியூற்றலோ?"

கியர்த் தடியின் மேல் என் உள்ளங்கை இருந்தது. அது முதல் கியரில் இருந்தது. "ஓம்" என்றேன். வழமையாக இரண்டு சொல் சொல்வேன். அன்று ஒன்றுதான் சொன்னேன். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது, பிள்ளை.

ஸ்டார்ட்டரில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்துவிட்டது. எஞ்சின் நிற்கவுமில்லை. அவனுக்குப் பின்னால் மேசை இருந்ததால் கார் அதற்குமேல் போகவில்லை, பின் சக்கரங்கள் மட்டும் சீமெந்துத் தரையில் வழுக்கிச் சுழன்றன, றப்பர் மணத்தது. சாவி என் விரலுக்கு எட்டும் தூரத்தில். அதைத் திருப்ப ஒரு நொடி போதும். நான் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். அம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நானேதான். விலாசத்தைத் தெளிவான ஜேர்மனில் சொன்னேன். பதிவில் இருக்கும், கேட்டுப்பாருங்கள்.

நித்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். நித்திரை வருகிறது. பகலில்தான் கொஞ்சம் சிரமம். ரயிலில் இருக்கும்போது பின் இருக்கையிலிருந்து "நியூற்றலோ?" என்று கேட்கும். கடையில் பால் எடுக்கக் குனிந்தால் கேட்கும். நான் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறேன், இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்கிறேன். சனம் திரும்பிப் பார்க்கும். ஆனால் அவனுக்குப் போதவில்லை போல. திரும்பவும் கேட்கிறான்.

அவன் சாகவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரத்தம் அதிகம் போனதால் பேச்சும் இல்லை. ஆனால் எல்லாம் விளங்கும் என்று டொக்டர் சொல்கிறார். டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறேன். காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஆறு வரை இருப்பேன். "நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம் அண்ணை" என்று ரஞ்சினி என் கையைப் பிடித்து அழுதார். மற்றவர்கள் வந்தால் இளங்கீரன் பார்த்துக்கொண்டே இருப்பானாம். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வான், நான் எழும்பும்வரை திறக்க மாட்டான். என்னிடம் மட்டும்தான் அவனுக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்தப் பெட்டியைப் பற்றி நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், நீங்கள் நம்பியும் இருப்பீர்கள். ஆனால் போன கிழமை பிரபாலினி வந்திருக்கிறாள். அப்பாவை அடுத்த மாதம் கனடாவுக்குக் கொண்டு போகப் போகிறாளாம், படுக்கையோடு பிளேனில் ஏற்ற ஒழுங்கு செய்துவிட்டாளாம்.

அதனால்தான் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன். ஒன்றை மட்டும் எனக்கு உறுதியாகச் சொல்லுங்கள், பிள்ளை. வழக்கு முடியும்வரை அவன்தானே சாட்சி? சாட்சியை நாட்டை விட்டு வெளியே போக நீங்கள் விடமாட்டீர்கள்தானே?