மயிரிழைக் கீறல்

கராஜ் சேல்களில் நான் பேரம் பேசுவதில்லை. வயது போன ஒருவர் தன் வீட்டுச் சாமான்களை மேசையில் பரப்பிவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது, இன்னும் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்பது எனக்கு ஒரு சிறிய கொடுமையாகவே படும். கேட்ட விலையைக் கொடுத்து, நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லிவிட்டு வருவேன்.

ஒஷாவாவில் அந்தத் துவக்கை வாங்கியதும் அப்படித்தான், ஐயா. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டு, கோலால் இடித்துச் சுடும் பழைய வகை. எங்கள் பக்கத்தில் இடியன் என்பார்கள். மேப்பிள் மரப் பிடியில் தேன்நிற வரிகள் அலையலையாக ஓடின. பித்தளைப் பூண்களில் முகம் தெரிந்தது. இதைத் தோளில் வைத்து ஒருமுறையாவது சுட வேண்டும் என்று பார்த்தவுடனேயே ஆசைப்பட்டேன்.

விலையை அந்தக் கிழவரே பாதியாக்கினார். ஏன் என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து, குழலின் அடியில், மருந்து எரியும் இடத்தில் வைத்து, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். மயிரிழை அளவில் ஒரு கீறல். சுவரில் மாட்டி வை, சுடாதே, சுட்டால் உன் முகத்துக்குத்தான் வரும் என்றார். கைகொடுத்து வாக்கும் வாங்கிக்கொண்டார். வாக்கை நான் மீறவில்லை. இன்றுவரை நான் அதைச் சுட்டதில்லை.

சீமோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் எனக்கு மூன்று மாடி கீழே இருந்தான். மன்னார்ப் பிள்ளை. அவனுக்கும் மக்டலீனுக்கும் கலியாணம் நடந்தபோது கோயில் புத்தகத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தவன் நான். அவர்களின் மூத்த மகள் ஸ்டெபனிக்கு ஞானத்தகப்பனும் நான்தான். சாட்சி வைப்பதைச் சிலர் ஒரு சடங்காக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பவன் அல்ல.

செப்டம்பரில் ஒருநாள் வேலையால் வரும்போது காருக்குள் வைத்துச் சொன்னான்.

"அண்ணை, வாற மாதக் கடைசியிலை நான் மிசிசாகாவுக்குப் போறன்."

"வேலை மாத்தமோ?"

"இல்லை. எயார்போட்டிலை வேலை செய்யிற ஒராள். அவவோடை இருக்கப் போறன். நீங்கள் இப்ப பிரசங்கம் வைக்கப்படாது."

நான் பிரசங்கம் வைக்கவில்லை. வழியில் நிறுத்தி அவனுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். இரவு முழுவதும் மக்டலீனைத்தான் நினைத்தேன். எங்களுடைய சனத்தை உங்களுக்குத் தெரியாது, ஐயா. புருசன் செத்த பெண்ணுக்குக் கோயிலில் முன்வாங்கில் இருக்க இடம் தருவார்கள், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவார்கள், பிள்ளைகளுக்காகச் செபிப்பார்கள். புருசன் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்குக் கடைசி வாங்குதான். அவளிடம் என்ன குறை என்று அவள் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பூசை முடிந்து பீடத்தில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரித் துண்டுகளைச் சேர்ப்பது என் பொறுப்பு. அதில் ஒன்றை உருக்கி, சப்பாத்துப் பூசும் கறுப்பு மையோடு குழைத்து, அந்தக் கீறலை அடைத்தேன். நகத்துக்கும் தெரியவில்லை. பிறகு பித்தளையை மினுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சீமோனின் தகப்பன் இடியன் வைத்திருந்தவர். துவக்கைக் கண்டதும் அவனுக்குக் கை நிற்கவில்லை.

"அண்ணை, நீங்கள் உதை அலுமாரிக்கை வைச்சுச் செபமாலை சொல்லுறதுக்கோ வாங்கினனீங்கள்? தாங்கோ, ஒரு வெடி வைச்சுக் காட்டிறன்."

"முதல் வெடி உன்ரைதான்," என்றேன். "ஆனா ஒரு சொல் கேள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வா. ஞாயிறு பூசைக்குப் பிறகு போவம்."

"வெடி வைக்கப் பாவசங்கீர்த்தனமும் வேணுமோ? கனடாவிலை எல்லாத்துக்கும் ஒரு லைசென்ஸ்!"

சிரித்தாலும் வந்தான். சுவாமியிடம் என்ன பாவங்களைச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு நிமிடம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. ஒரு மனிதனை ஆயத்தமில்லாமல் அனுப்பக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். மறுநாள் பூசையில் சுவாமி கையால் நன்மை அப்பமும் வாங்கினான்.

ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு அப்பால், என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தோட்டம். ஒக்டோபர் நடுப்பகுதி. வேலிக் கட்டையில் ஒரு பூசணிக்காயை வைத்தோம். சீமோன் மருந்தை அளந்து போட்டான். பழைய துவக்கு, காணாது, இன்னும் ஒரு அளவு போடு என்றேன். போட்டான். குளிராக இருந்ததால் என் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவனுக்குச் சுற்றிவிட்டேன். தேத்தண்ணிப் போத்தலை எடுத்து வருகிறேன் என்று காரின் பின்பக்கம் போய், டிக்கி மூடியைத் தூக்கிவிட்டு, அதற்குப் பின்னால் நின்றேன். "பாருங்கோ அண்ணை," என்றான்.

அவன் கனநேரம் வருந்தவில்லை. கண்களை மூடிவிட்டவன் நான்தான்.

விபத்து என்று பொலிஸ் அறிக்கையில் நீங்களே எழுதிவிட்டீர்கள். பேப்பரில் துவக்கின் படத்தைப் பார்த்து அந்த ஒஷாவாக் கிழவர் உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நேர்மையான மனிதர். நீங்கள் என்னைக் கேட்டீர்கள், நானும் நேர்மையாகவே சொல்கிறேன். கீறல் இருந்தது எனக்குத் தெரியும். அதை மறைத்ததும், மருந்தைக் கூட்டச் சொன்னதும் நான். சீமோனைக் கொன்றவன் நான்.

இன்னும் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அடக்கத்துக்கு முதல்நாள், மூடிய பெட்டிக்குப் பக்கத்தில் மக்டலீன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணை, அவர் போறது எனக்குத் தெரியும். உடுப்பெல்லாம் மடிச்சுக் கட்டினதே நான்தான். மூண்டு வருசமா ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்கை மூச்சு முட்டிக்கொண்டு இருந்தனாங்கள். போங்கோ எண்டு நான்தான் சொன்னனான். ஞாயிறிலை வந்து பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போவார் எண்டு பேசி வைச்சிருந்தம். ஸ்டெபனி அப்பா வருவார் எண்டு சப்பாத்தையும் போட்டுக்கொண்டு இருக்கிறாள், அண்ணை."

நான் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன். நல்ல பிள்ளை. எந்த உதவிக்கும் மற்றவர்களிடம் வாய் திறந்து கேட்டுப் பழக்கமில்லாதவள். இதையும் கேட்கக் கூச்சப்பட்டிருப்பாள் என்று நினைத்துத்தான், அவள் கேட்காமலே நானாகச் செய்து கொடுத்தேன்.