ஒரே அளவு சத்தம்

அந்த ஃபேனை மட்டும் நிறுத்திடுங்க மாப்பிள்ளை. அது கரகரன்னு சுத்தினா எனக்கு யோசனை ஓடாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். உங்க பொண்டாட்டி இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி பண்ணுவா. "எங்கண்ணனுக்கு ஃபேன் பாடினாலும் குத்தம்"னு.

ஆனா எங்க ரெண்டு பேர்ல காதுன்னு ஒண்ணு இருந்தது அவளுக்குத்தான். காது டாக்டர் நேத்து சொன்னதைக் கேட்டுட்டு நேரா இங்க வந்திருக்கீங்க, அந்த ரூம்ல அவளை என்னடா பண்ணினேன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். உக்காருங்க, ஒண்ணு விடாம சொல்றேன்.

எங்கப்பா விட்டுட்டுப் போனது இதோ இந்த ஆர்கன் ஒண்ணுதான். நாலு ஆள் பிடிச்சாத்தான் நகரும். உள்ளே ஒரு மோட்டார், நீளமா ஒரு தண்டு, அதுல வரிசையா பல்லு வச்ச இரும்புச் சக்கரம். சக்கரம் காந்தத்துக்குப் பக்கத்துல சுத்தறப்ப நாதம் வரும். கட்டையை அழுத்தினதும், சுரத்துக்கு முன்னாடி 'டிக்'னு ஒரு பொடிச் சத்தம் வரும். செஞ்சவங்க அதைக் கோளாறுன்னு நினைச்சாங்க. வாசிக்கிறவங்க அதுலதான் உசுரே இருக்குன்னுட்டாங்க. அப்பா என் தங்கச்சிக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு விரல் வளையலை. நான் எண்ணெய் விட்டேன், தூசி தட்டினேன். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை.

அப்புறம் அந்த ஆர்கனையே கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுவரணும்னு எனக்குப் பித்துப் பிடிச்சுது. வேலையை விட்டேன். கல்யாணப் பேச்சை எடுத்தவங்களை வாசலோட அனுப்பினேன். எனக்கு முன்னாடியே நாலஞ்சு கம்பெனிக்காரங்க இந்த மாதிரி மென்பொருள் போட்டிருந்தாங்க. எது அசலுக்குக் கிட்ட நிக்குதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் நானும் அவளும் அந்த வீடியோ சேனலை ஆரம்பிச்சோம்.

ஒரே பாட்டை அசல்லயும் ஒவ்வொரு மென்பொருள்லயும் அவளே வாசிப்பா. நான் பதிவு பண்ணி, வரிசையைக் குலைச்சு, ஹெட்போன்ல அவளுக்குப் போடுவேன். எது அசல்னு அவ சொல்லணும். இதுல ஒரு சட்டம் உண்டு மாப்பிள்ளை. சத்தம் எல்லாத்துலயும் ஒரே அளவா இருக்கணும். ஒரு பொட்டு கூடினாலும், அதுதான் நல்லாயிருக்குன்னு காது சொல்லிடும். அதனால மீட்டர் வச்சு எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டுத்தான் போடுவேன். அதுல நான் ஒரு நாளும் பித்தலாட்டம் பண்ணினதில்லை. இதை நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம்.

ஒரு தடவை கூட அவ தப்பாச் சொன்னதில்லை. ஜனங்க 'காதுக்காரி'ன்னு பேரே வச்சாங்க. அவ வாயிலேர்ந்து வந்தா அது தீர்ப்பு. ஏன்னா சொந்த அண்ணன் செஞ்சதையே அவ கடைசி இடத்துக்குத் தள்ளினா. முதல் தடவை என்னோடதைக் கேட்டதும் சிரிச்சுட்டா. "தகர டப்பாவைத் தட்டின மாதிரி இருக்குண்ணா"ன்னா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு, "பாசத்துல மட்டும் நீதான் முதல்"னா.

திருத்தினேன். மறுபடி போட்டேன். "கிட்ட வந்துட்டே, அந்த டிக் மட்டும் செத்துக் கிடக்கு." மறுபடியும் திருத்தினேன். "இன்னும் கொஞ்சம்." அந்த இன்னும் கொஞ்சம் இருக்கே, அதுதான் என்னைத் தின்னுச்சு. சோறு இறங்கலை. கண்ணை மூடினா 'டிக்'. குளிக்கறப்ப சுவத்துல தலையை முட்டிக்கிட்டு அழுதிருக்கேன். இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க. உங்களுக்குக் குடும்பம் இருக்கு. எனக்கு இந்த ரூமும் அவ சொல்லப்போற ஒரு வார்த்தையும்தான்.

'ஒரு பொய் சொல்லிடும்மா'ன்னு கேட்டிருந்தா, எனக்காக யோசிக்காமச் சொல்லியிருப்பா. அது எனக்குத் தெரியும். ஆனா எனக்குப் பொய் வேண்டாம். அவ நிஜமாவே கேட்டு, நிஜமாவே சொல்லணும். அவளை ஏமாத்த வைக்க எனக்கு மனசு வரலை.

அதனால சத்தத்தைக் கூட்டினேன்.

தனியா என்னோடதை மட்டும் இல்லை, அசலையும் சேர்த்துத்தான். ரெண்டும் ஒரே அளவு. பெரிய சத்தத்துல காது கெட்டா, பொடிச் சத்தங்கள்தான் முதல்ல போகும்னு படிச்சிருந்தேன். 'டிக்' அந்த இடத்துலதான் இருக்கு. தினமும் ஒரு நூல் ஏத்துவேன். "இன்னிக்கு சத்தம் ஜாஸ்தியா இருக்கேண்ணா"ம்பா. "நேத்து வச்ச அளவுதான்மா"ம்பேன். அண்ணன் சொன்னா அவளுக்கு மறுபேச்சு கிடையாது. ஒரு நாள் அவ தண்ணி குடிக்கப் போனப்ப, நானே அந்த ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். உடனே கழட்டிட்டேன். என் வேலைக்குக் காது முக்கியம், இல்லையா.

காதுக்குள்ள ஏதோ ரீங்காரம் கேக்குதுன்னா. கவனமாக் கேக்கறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னேன். உங்க பொண்ணு காதோரமா வந்து ரகசியம் சொல்றது புரியலைன்னு, சிரிச்சுக்கிட்டே சொன்னா. "குட்டி இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசறாண்ணா." கல்லு இல்லை நான். அன்னிக்கு மட்டும் சத்தத்தை ஏத்தலை.

போன வாரம் கடைசியா உக்காந்தோம். மாத்தி மாத்திப் போட்டேன். அவ கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டா. மறுபடி போடச் சொன்னா. "தெரியலைண்ணா. ரெண்டும் ஒண்ணுதான். அப்பா ஆர்கனேதான்"னா. என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. "நீ ஜெயிச்சுட்டேண்ணா"ன்னா. நான் ஜெயிச்சதுக்கு என்னை விட அவதான் சந்தோஷப்பட்டா. அவ மாதிரி ஒரு தங்கச்சி யாருக்கு வாய்க்கும்.

அப்புறம் ஆர்கன்ல உக்காந்து ரெண்டு வரி வாசிச்சா. கட்டையை ஓங்கி அடிச்சா. நிறுத்தினா. "இது ஏன் இப்படி ஊமையா இருக்கு, எண்ணெய் விடலையா"ன்னா. விட்டிருந்தேன் மாப்பிள்ளை. எப்பவும் போல விட்டிருந்தேன்.

அவ வீட்டுக்குக் கிளம்பின பிறகு, வீடியோவை ஏத்தலாம்னு கோப்பைத் திறந்தேன். அப்பத்தான் பார்த்தேன், அவசரத்துல நான் மாத்திப் போட்டிருக்கேன். அத்தனை நாள் திருத்தித் திருத்திச் செஞ்சது அப்படியே கிடக்கு. அவ கேட்டது என்னோட முதல் பதிப்பு. அவ சிரிச்சாளே, அந்தத் தகர டப்பா.

அன்னிலேர்ந்து அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க வாசல்ல வந்து மணி அடிச்சப்ப எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. டாக்டர் சொல்றது சரிதான், அவ காதைக் கெடுத்தது நான்தான், தெரிஞ்சேதான் கெடுத்தேன். எங்க வேணும்னாலும் வந்து இதைச் சொல்றேன். ஆனா ஒண்ணை நீங்களும் ஒத்துக்கணும். நான் செஞ்சது முதல் நாள்லேர்ந்தே சரியாத்தான் இருந்திருக்கு. அவளுக்குத்தான் பாவம், தேவைக்கு மேல கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.