கரடி இல்லையென்ற சரிவில் இறங்கிப் பார்த்தவருக்கு

கணினி கணித்ததைக் காலால் நடந்து கண்டறிந்த கண்ணியமே! வண்ண வரைபடம் கண்டு வாயடைத்துப் போகாத வாய்மையே! எங்கள் வனவிலங்கு ஆய்வகத்தின் சரிபார்ப்பு அலுவலராக முப்பத்தோராண்டு உழைத்து, இன்று விடைபெறும் அம்மா அவர்களே!

எந்த விலங்கு எந்த இடத்தில் நடமாடும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரிகளை உருவாக்குவது எங்கள் வேலை. அவை சொல்வது மெய்தானா என்று சோதிப்பது தங்கள் வேலை. ஆக்கியவர் மனம் நோகுமே என்று தாங்கள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் தங்களுக்குச் 'சந்தேகக்காரம்மா' என்று பெயர் வைத்தோம். தெரிந்தும் தெரியாதவராகவே இருந்தீர்கள்.

ஆறாண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலைத் திட்டத்துக்காக நாங்கள் வரைந்த கரடி வரைபடத்தை மறக்க முடியுமா? கீழைச் சரிவில் கரடியே இல்லை என்றது அது. அதை நம்பி அவ்வழியே சாலை போட இருந்தார்கள். சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று சரி என்று மார்தட்டினோம். தாங்களோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கேமராவெல்லாம் எங்க வச்சீங்க?" என்று மட்டும் கேட்டீர்கள். முள்ளுக்குள் இறங்கச் சோம்பல்பட்டு, விலங்குகளைத் தானாகப் படமெடுக்கும் கேமராக்களை நடைபாதையோரமாகவே வைத்திருந்தோம். சோதனைக்கு எடுத்த படங்களும் அதே பாதையோரத்தவை. "அப்ப இது நீங்க நடந்த இடத்தைச் சொல்லுதுப்பா. கரடி நடந்த இடத்தைச் சொல்லல" என்றீர்கள்.

வரைபடத்தை ஒப்படைக்கும் கெடு முடிய நாற்பது நாளே இருந்தது. குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்து, ஓயாத முழங்கால் வலியோடு அந்தச் சரிவில் தாங்களே இறங்கி முப்பது கேமராக்களைக் கட்டினீர்கள். பத்தொன்பதில் கரடி பதிவானது. ஒன்றில் தாய்க்குப் பின்னால் இரண்டு குட்டிகள் போய்க்கொண்டிருந்தன.

வரைபடம் தவறு என்று தாங்கள் எழுதிய அறிக்கையில் கையெழுத்திட எங்களில் ஒருவரும் முன்வரவில்லை. ஆய்வகத்தின் பெயர் கெட்டுவிடும் என்றோம். நான்கு மாதம் தங்களோடு முகம்கொடுத்துப் பேசவும் இல்லை. தனியொருவராய்க் கையெழுத்திட்டு அனுப்பினீர்கள். சாலை மேற்கே விலகிப் போனது. குட்டிகள் அதே சரிவில் வளர்ந்தன. பாராட்டு மடலில் இதையெல்லாம் எழுதலாமா என்று தயங்கினோம். எழுதாமல் விட்டால் தாங்கள் இதையும் தேறாது என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள். எங்களை மன்னித்துவிடுங்கள் அம்மா.

வலியில்லாக் காலும் வாடாத நலமும் வாய்க்கப்பெற்று, விரும்பிய வழியெல்லாம் நடந்து நெடுங்காலம் வாழ்க என்று நெஞ்சார வாழ்த்துகிறோம். அன்று இட மறுத்த கையெழுத்தை, ஒருவர் விடாமல், இன்று இங்கே இடுகிறோம்.

தவறாய் வரைந்த தங்கள் சக பணியாளர்கள்
பதினொருவர்