ஊட்டுக்காரர் பேரு

— இன்னொரு தபா கேக்காத நர்ஸம்மா. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்.

— பொன்னியம்மாக்கா, உங்க நகையையா கழட்டிக் கேக்கறேன்? கட்டில்ல படுத்திருக்கிறவர் பேரைத்தானே கேக்கறேன்!

— புருசன் பேர எந்தப் பொம்பளயாவது வாயால சொல்லுவாளா? உங்க ஊர்ல சொல்லுவாங்களா?

— ஊசி போடணும்னா சொல்லுவாங்க.

— அதான் கட்டில்ல சீட்டு தொங்குதே... அத்தப் படியேன்.

— படிச்சாச்சு. ஆளும் சொல்லணும், சீட்டும் சொல்லணும், ரெண்டும் ஒத்துப்போகணும். நர்சிங் சேர்ந்த அன்னிக்கே எங்க தலையில ஏத்தின முதல் பாடம் அது.

— அவரு எப்டிம்மா சொல்லுவாரு? பல்லு சீழ் புடிச்சி, தாடை பூசணிக்கா மாரி கீது.

— ம்ம்... ம்ம்ஹும்...

— பாத்தியா? வாயே தொறக்க மாட்டேங்குது.

— அதனாலதான் உங்களைக் கேட்டுத் தொண்டை வத்திப்போய் நிக்கறேன்.

— நீயே பேரச் சொல்லேன். நான் ஆமான்னு மண்டய ஆட்டறேன்.

— அது கூடவே கூடாது! என்கூடப் படிக்கிற கஸ்தூரி அப்படித்தான், “நீங்க நாகப்பன்தானே?”ன்னு கேட்டா. பக்கத்துக் கட்டில்காரர் தூக்கக் கலக்கத்துல “ம்”முன்னுட்டாரு. நாகப்பனோட பேதி மருந்து அவர் வயித்துக்குள்ள போயிடுச்சு.

— ஐயய்யே! அப்பால?

— அப்பால என்ன... வார்டே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிச்சு. சிரிக்காதீங்கக்கா! எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

— சர்ரி... சர்ரி. ஜாடையா சொல்றேன். அம்மன் பேரு.

— எந்த அம்மன்?

— நம்ம பக்கத்து அம்மன்தான்.

— உங்க பக்கம் தெருவுக்கு ஒரு அம்மன் இருக்கே! பொன்னியம்மனா?

— அது எம் பேரு!

— கடவுளே... எனக்கும் சேர்த்துக் காய்ச்சல் வரப்போகுது. வரலட்சுமி சிஸ்டர் வந்தா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. சிரிஞ்சைக் கொதிக்க வச்சு எடுத்துட்டு வந்து எவ்வளவு நேரமாச்சு!

— நீ போட்டுட்டுப் போயேன். நானா தடுத்துகினு கீறேன்?

— நீங்கதான்! இந்த ஊசி போகலைன்னா சீழ் கழுத்துக்கு இறங்கிடும்னு டாக்டர் சொன்னது உங்க காதுலயும் விழுந்துச்சு இல்ல? உங்க மாமியார், கொழுந்தனார்... யாராவது வெளியில இருந்தாக் கூப்பிடுங்க. அவங்க சொல்லட்டும்.

— யாரும் வேணாம்!

— ஏன்க்கா கத்தறீங்க?

— கத்தல... எல்லாம் மண்ணூர்பேட்டைல கீறாங்க. யாரும் வர்ல.

— ம்ம்ம்... ம்ம்!

— டேய், சும்மா கெடடா!

— அடேங்கப்பா! பேரைச் சொல்ல வாய் கூசுது, “டேய்” மட்டும் தாராளமா வருதே?

— அது... கோவத்துல வந்துட்ச்சி.

— நல்லா வந்துச்சு போங்க. இதுக்காவது பதில் சொல்லுங்க. பென்சிலின் இவருக்கு ஒத்துக்கும்தானே?

— இன்னாது?

— பென்சிலின். போன மாசம் மெஷின்ல கை கிழிஞ்சு வந்தப்போ இதையேதான் போட்டிருக்காங்க, ஒண்ணும் பண்ணலை. அதனால இன்னிக்கு டெஸ்ட் ஊசி வேண்டாம், நேரா போட்டுடலாம்னு டாக்டர் எழுதிட்டாரு... என்னக்கா, ஏன் முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

— பல்லு வலி ஊசின்னுதானே நென்ச்சிகினு இருந்தேன்...

— அக்கா, கையை விடுங்க! சிரிஞ்சு உடையப் போகுது!

— ஒடஞ்சா ஒடயட்டும்! அத்த கீழ வை, உன் கால்ல வுழறேன். சீட்டுல கீறது என் ஊட்டுக்காரர் பேருதான், அவரு இப்போ ஷிப்ட்ல கீறாரு. கம்பெனி ஆஸ்பத்திரில வெளியாளப் பாக்க மாட்டாங்கன்னு அவரு கார்டுல இட்டாந்துட்டேன். தெரிஞ்சா வேல பூடும்... போவட்டும்! இவன் வேம்புலி, என் கூடப் பொறந்த தம்பி. சின்ன வயசுல இதே பென்சிலின் போட்டுத்தாம்மா மூச்சு நின்னு, செத்துப் பொழச்சான்!