அரைப் பக்க விளக்கம்

மேடம்,

கோயமுத்தூர் மாவட்டத்தில் கடன் வாங்கியவர்களில் பொய்யே சொல்லாதவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன், ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "சிபில் ஸ்கோரு இப்ப நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ரெண்டு வருசம் முந்தி பைக் லோன்ல ஏழு தவணை உட்டுப்போட்டீங்க. ஏன்னு ஒரு அரைப் பக்கம் எழுதிக் குடுத்துருங்க சார். சும்மா ஒரு பேப்பருக்குத்தானுங்க." அந்த 'சும்மா' எனக்குப் பிடிக்கவில்லை. எழுதுவதென்றால் உண்மையைத்தான் எழுத வேண்டும்.

என் அப்பா தாமஸ், கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் வாங்காத கடன் இல்லை, கொடுக்காத விளக்கக் கடிதம் இல்லை. எழுதியதெல்லாம் நான். எட்டாம் வகுப்பிலேயே என் கையெழுத்து நன்றாக இருக்கும். கோடு போட்ட தாளைக் கொடுத்து, மார்ஜின் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று வாசகம் சொல்வார். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக.' குடும்பத்தில் அப்படி எந்தச் சூழ்நிலையும் இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்திருப்பார். மறுநாள் ஃபைனான்ஸ் ஆபீசில், கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு நுனியில் உட்கார்ந்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பார். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த அவருடைய பட்டறைப் பையிலிருந்து நான் எழுதிய கடிதம் வெளியே வரும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அவர் இறந்த அன்று ஒரு முடிவு எடுத்தேன். அந்த மூன்று வார்த்தையை என் வாழ்நாளில் எழுதுவதில்லை.

ஆகவே ஏழு தவணைக்கு என் விளக்கம்: கையில் பணம் இருந்தது. கட்டத் தோன்றவில்லை.

அதன் பிறகு ஸ்கோர் ஐந்நூறுக்கு வந்துவிட்டது. ஒரு மிக்ஸி தவணையில் எடுக்கப் போனால்கூடக் கடைப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அப்பாவை எல்லோரும் பார்த்த பார்வை அது. கெட்ட பெயரைச் சரி செய்ய எல்லோரும் ஒரே வழிதான் சொல்கிறார்கள். பழைய பாக்கியை முடி, சின்னதாக ஒரு கடன் வாங்கு, தேதி தவறாமல் கட்டு. கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

என் அக்கா டீனா தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்குப் போக வேண்டும் என்று மூன்று வருடமாக மொழி படித்தாள். இன்றுவரை யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. அவள் பெயர் துவைத்து மடித்து வைத்த புடவை மாதிரி அப்படியே இருந்தது, கட்டாமலே. ஒரு பொருள் வீணாகக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது, மேடம்.

அக்கா எதிலும் முன்னேற்பாடு உள்ளவள். ஆதாரிலும் பான் கார்டிலும் பத்துப் பத்து நகல் எடுத்து, எல்லாவற்றிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்திருப்பாள். எதற்காக என்று எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கும். நைட் டூட்டி முடிந்து வந்தால் மதியம் வரை அடித்துப் போட்டதுபோலத் தூக்கம். போன் தலைமாட்டில் இருக்கும். ஓடிபி வந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல், கடன் ஆப் முகத்தைக் கேட்டது. உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது.

எழுப்பினேன். "அக்கா, இதப் பாத்து ஒருக்கா கண்ணச் சிமிட்டு."

"எதுக்குடா?"

"ஒரு அப்ளிகேசனுக்கு."

"ஜெர்மனிக்கா கண்ணு?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும். அவள் போனைப் பார்த்துச் சிரித்தாள், சிமிட்டினாள், தலையணையில் சாய்ந்துவிட்டாள். அந்த வருடம் நான்கு முறை அப்படி எழுப்பினேன். நான்கு முறையும் சிரித்தாள்.

பணம் அவள் நர்சிங் படித்தபோது ஆரம்பித்த பழைய கணக்குக்கு வந்தது. அதன் கார்டு என்னிடம்தான் இருந்தது. பைக் பாக்கியை முடித்தேன். சின்னதாக ஒரு கடன் வாங்கினேன். தவணைகளைத் தேதி தவறாமல் கட்டினேன். என்னுடையதை மட்டும்.

மாதா மாதம் என் ஸ்கோர் ஏறுவதைப் பார்ப்பது கொடியில் பாகற்காய் காய்ப்பதைப் பார்ப்பது போல இருந்தது. அக்காவின் ஸ்கோரை நான் பார்க்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது நல்ல பழக்கம் இல்லை.

விசாவுக்கும் ஏஜென்சிக்கும் அவள் லோன் கேட்டபோது வங்கி மறுத்துவிட்டது. நான்கு கடன், நான்கிலும் பாக்கி. அடுத்த வாரம் வசூல்காரர்கள் இரண்டு பேர் வார்டுக்கே போய், ஒரு நோயாளிக்கு அவள் ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஜெர்மனிக்குத் தப்பிக்கப் பார்க்கிறாயா என்று கேட்டார்களாம். ஊசியைச் சரியாகப் போட்டு முடித்துவிட்டுத்தான் அழுதாளாம். வீட்டுக்கு வந்து, போலீசுக்குப் போகலாம், புகாரை நீ எழுது, உன் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்றாள்.

உன் ஆதார் வேறு யார் கைக்குப் போனது, யோசித்துப் பார் என்றேன். நியாயமான கேள்விதான். அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது. தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ரிஃபத். "அவரு அப்படிப் பண்ற ஆளு இல்லடா" என்று அவளே சொன்னாள். இன்னொரு ஆள் அதே வீட்டில் எதிரில் உட்கார்ந்து பேனாவைத் திறந்துகொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கூடப்பிறந்தவன் மேல் வைத்த அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நகல் எடுத்த இடம் ரிஃபத் கடை என்று மட்டும் எழுதினேன். உண்மைதானே. ஸ்டேஷனில் அந்தப் பெயரைப் படித்த பிறகு யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அவர் கம்ப்யூட்டரில் அக்காவின் ஆதார் இருந்தது. அந்தப் பகுதியில் எல்லோருடைய ஆதாரும் இருந்தது, என்னுடையதும் சேர்த்து. ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து, "தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி" என்றார். அவருடைய ஒரு காது வீங்கியிருந்தது. "உண்மை வெளிய வரும் பாய்" என்றேன். அதுவும் பொய் இல்லை. எப்போது என்று நான் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து அவருடைய அம்மா சித்திகா வீட்டுக்கு வந்தார். வாப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, ஜாமீனுக்கு ஆள் இல்லை, புகாரை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள் என்று அழுதார். மூக்கைத் துடைத்த கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அழுகிறவர்கள் ஏன் அடுத்தவரைத் தொடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அக்கா அன்று சாப்பிடவில்லை. இப்போது அந்த நான்கு கடனையும் அவளே கட்டுகிறாள், இரண்டு ஆஸ்பத்திரியில் டூட்டி பார்த்து. ஜெர்மன் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள்.

எந்தத் தொழிலுக்குக் கடன் என்ற கட்டத்தில் ஜெராக்ஸ் கடை என்று எழுதியிருந்தேன். இடம் எங்கே என்று கேட்டீர்கள். தாலுகா ஆபீசுக்கு எதிரில்தான், மேடம். ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கடைக்காரர் உள்ளே இருப்பதால் வாடகையைக் குறைத்துப் பேசியிருக்கிறேன். நடந்துகொண்டிருந்த கடை, ஜனங்களுக்குப் பழகிய இடம். நான் இல்லாவிட்டால் வேறு எவனாவது எடுப்பான்.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதை நீங்கள் ஃபைலில் வைத்தால் ரிஃபத் வெளியே வந்துவிடுவார். வெளியே வந்தால் கடையைத் திறப்பார். அக்கா என்னைப் பார்ப்பாள். அந்த மிக்ஸிக் கடைப் பையன் பார்த்த மாதிரி.

அது மட்டுமில்லாமல், நீங்கள் கேட்டது அரைப் பக்கம். இது நான்கு பக்கம் வந்துவிட்டது. இவ்வளவு நீளமாக எழுதிக் கொடுத்தால் மேலிடத்தில் உங்களுக்குத்தான் சிரமம்.

இதை மடித்து, அக்காவின் ஃபைலில், மிச்சமிருக்கும் ஆறு நகல்களுக்கு அடியில் வைக்கப் போகிறேன். உங்களுக்காக வேறொரு கோடு போட்ட தாள் எடுத்தேன். மார்ஜின் போட்டேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கினேன்.

கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.