மாமனார் தன்னையே பெயிலாக்கினார்

தேநீர் நன்றாக இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு என்றால், நான் மட்டும் தனியாகக் கேட்பது முறையல்ல.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இங்கே சேர்க்குமுன் நீங்கள் வைத்த ஞாபகச் சோதனையில் என் மாமனார் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டார். போதாததற்கு, உங்கள் சுவர்க் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். "இவருக்கு மறதின்னு யார் சொன்னது?" என்கிறீர்கள். அவரும் என் மனைவியும் வெளியே தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். யாராவது கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

நான் மேடையில் தனியாக நின்று ஆட்களைச் சிரிக்க வைப்பவன். மைக்கும் ஒரு ஸ்டூலும் அவர்கள் தருவார்கள். சரக்கு என்னுடையது. அதாவது, என் வீட்டினுடையது.

கல்யாணமான புதிதில் மனைவியின் குறட்டையைப் பற்றிப் பேசினேன். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அவளுக்குக் குறட்டையே கிடையாது. மாமனார்தான் பஞ்சாயத்துக்கு வந்தார். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். ஊரில் பாதிப் பேர் இன்னும் பேருந்தில் போவதற்கு அவர்தான் காரணம். என்னையும் பெயிலாக்கியவர். லைசன்ஸ் தரவில்லை, பெண்ணைத் தந்தார்.

"மாப்பிள்ளை, வீட்டுல நடந்ததை என்ன வேணா சொல்லுங்க, ஒருத்தரும் கேக்க மாட்டோம். நடக்காததைச் சொல்லாதீங்க. அவ்வளவுதான்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை அதை மீறியதில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் காலமான பிறகு அவர் எங்களோடு வந்து தங்கினார். என் நல்ல காலம் அப்போதுதான் தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் உப்புக்குக் கை நீட்டுமுன் இடமும் வலமும் பார்ப்பார். சோபாவிலிருந்து எழும் மகளிடம், "பின்னாடி பாத்தியாம்மா?" என்பார். குளியலறைக் கதவைத் திறந்து வெளியே வரும்போது ஒரு முறை இருமுவார். அது ஹாரன். அவரை வைத்து நான் பல ஊர் பார்த்தேன். அவரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, "பச்சைத் துண்டுன்னு சொன்னீங்க மாப்பிள்ளை, அது நீலம்" என்று திருத்துவார். நான் அடுத்த முறை நீலம் என்றே சொல்வேன்.

ஆனால் ஊறுகாய்கூட ஒருநாள் பூசணம் பிடிக்கும். அரங்க மேனேஜர் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்தார். "அண்ணே, மாமனார் கதை பழசாயிடுச்சு. அவரைப் புதுசா ஏதாவது பண்ணச் சொல்லுங்க."

அவர் எதுவும் பண்ண மாட்டார். அதுதான் சிக்கல். தப்பே செய்யாத மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு கலைஞன் என்ன செய்வான்? கற்பனையாகச் சொல்லவும் வழியில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன். நடக்காததைச் சொல்லக் கூடாது என்றால், நடந்தாக வேண்டும்.

அவருடைய மூக்குக் கண்ணாடியை ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்கு நடுவே வைத்தேன்.

காலையில் அவர் பால் எடுக்கத் திறந்தார். பார்த்தார். அப்படியே நின்றார். கதவை மூடச் சொல்லி ஃப்ரிட்ஜே கத்தத் தொடங்கிவிட்டது. "யார் இதை இங்க வச்சது?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால், நான்தான் என்று சொல்லி, அதையும் சேர்த்து மேடையில் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் பார்த்த வேலை அப்படி. வண்டியை இடித்த ஒவ்வொருவனும் அடுத்தவனைக் கைகாட்டுவதைக் காலமெல்லாம் கேட்டவர். அடுத்தவனைக் காட்டுகிறவன்தான் தப்புச் செய்தவன் என்பது அவர் வேதம்.

"நான்தான் வச்சிருப்பேன்" என்றார்.

அந்த வாரம் அரங்கம் அதிர்ந்தது. சத்தியமாக நடந்த கதை.

பிறகு குடை வாஷிங் மெஷினுக்குள் கிடைத்தது. செருப்பு புத்தக அலமாரியில் கிடைத்தது. அவர் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு இழுப்பறையிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி ஒட்டினார். ஒட்டியது அவர். இடம் மாற்றியது மட்டும் நான்.

டாக்டரிடமும் போனோம். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "என்னைவிட உங்களுக்கு ஞாபகம் அதிகம்" என்றார் டாக்டர். என் மனைவி அழுதுவிட்டாள். எனக்கும் உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் வார இறுதியில் பெரிய நிகழ்ச்சி ஒன்று இருந்தது. வீட்டிலிருந்த இன்னொரு சாவியை எடுத்து, அவர் வாசலில் நிறுத்திய காரை நண்பன் ஒருவனை விட்டு வேறு தெருவுக்கு நகர்த்த வைத்தேன். எனக்குத்தான் லைசன்ஸ் இல்லையே. சட்டத்தை நான் மதிக்கிறேன்.

அவர் தெருத்தெருவாகத் தேடி, வெகுநேரம் கழித்துக் காரோடு திரும்பினார். சாவியை மேசைமேல் வைத்தார். நாங்கள் மூவரும் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஊரையே பெயில் பண்ணேன். இன்னிக்கு என்னையும் பண்ணிட்டேன் மாப்பிள்ளை" என்றார். மகளிடம், "அழாதம்மா, நியாயமாத்தான் மார்க் போட்டிருக்கேன்" என்றார்.

இந்த வரியை நானே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் அவரும் எழுந்து நின்றார். பின்னால் வந்து, "கார் அடுத்த தெருவுலன்னு சொன்னீங்க. அதுக்கும் அடுத்த தெரு" என்றார். அவர் சொன்னதுதான் சரி. திருத்திக்கொண்டேன்.

இங்கே வர வேண்டும் என்பது அவர் முடிவு. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாளைக்கு கேஸைத் திறந்துவிட்டுட்டு மறந்துட்டேன்னா? உனக்குத்தானேம்மா ஆபத்து" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேஸ் அடுப்பை நான் தொட்டதே இல்லை. எனக்கும் ஒரு எல்லை உண்டு.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். அவரிடம் போய் இதைச் சொல்லப் போகிறீர்களா? யோசித்துச் செய்யுங்கள். பாவம், மிகவும் சிரமப்பட்டு மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். தனக்கு ஒன்றுமில்லை என்று இந்த வயதில் தெரிந்தால் தாங்க மாட்டார். அவர்மேல் எனக்குள்ள அக்கறை அவர் பெற்ற மகளுக்குக்கூட இருக்குமா என்பது சந்தேகம். அவர் எங்கே என்ன வைக்கிறார் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இந்த மறதி அப்பாவிடமிருந்து மகளுக்கு வரும் என்கிறார்களே, உண்மையா?

ஜன்னல் பக்கம் கொஞ்சம் காது கொடுங்கள்.

"அப்பா, காலையிலேர்ந்து ஃபோனைக் காணோம். எங்க வச்சேன்னே தெரியல."

"பதறாதம்மா. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

என் பைக்குள் இருக்கிறது. பயப்படாதீர்கள், அவள் கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன்.