ஒரே பக்கம் திரும்பாத நந்தியாவட்டை

துணி மேலதான் தப்பு செல்வமேரிக்கா, நான் சொல்றேன் பாருங்க. காலைலேர்ந்து குத்திக் குத்திப் பிரிச்சுட்டேன். என் வெட்டுல தப்புன்னா நான் ஒத்துக்க மாட்டேனா... உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். பாயில உக்காருங்க. பாத்து, குண்டூசி கெடக்கும்.

இல்லக்கா, கவுன் இன்னும் முடியல. அதைத்தான் சொல்ல வரேன். மொகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழமை உங்க ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை, சர்ச்சுல மொத தடவையா நற்கருணை வாங்கப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா. இன்னிக்கு வெள்ளின்னும் தெரியும். காலண்டர் எங்க வீட்லயும் தொங்குது.

நீங்கதானே கேட்டீங்க? "கனகு, கோயில்ல எல்லாப் பிள்ளைங்களும் அதே சுருக்கம் வெச்ச கவுன்ல வரும், எம்பொண்ணுக்கு மட்டும் வேற மாதிரி தையேன்"னு? நீங்க சொல்லிட்டு மாடிப்படி ஏறிட்டீங்க. எனக்கு அப்பறம் சோறு எறங்குச்சா. புதுசுன்னா எதைப் பாத்து வெட்றது? எங்க படப்பைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர் எனக்குக் கோழிதான் வரையச் சொல்லிக் குடுத்தாங்க. கோழி மாதிரியா கவுன் தைக்க முடியும்...

மறுநாள் அடிபம்புல தண்ணி அடிச்சிட்டிருக்கேன், எதிர்ல நம்ம காம்பவுண்டு நந்தியாவட்டை. தினம் பாக்கிற செடிதான். அன்னிக்குத்தான் ஒழுங்காப் பாத்தேன். அஞ்சு இதழ், ஒவ்வொண்ணும் ஒரு ஓரத்தைப் பக்கத்து இதழுக்கு அடியில சொருகிட்டு, அப்படியே ஒரே பக்கமாத் திரும்பியிருக்கு. சீலிங் ஃபேன் மாதிரி. ஒண்ணாவது நான் இந்தப் பக்கம் போறேன்னு அடம் புடிக்கணுமே, இல்ல. இதான்டி கவுனுன்னு கொடத்தை அப்படியே வெச்சிட்டு வந்துட்டேன். தண்ணி வழிஞ்சு ஓடுச்சுன்னு ஹவுஸ் ஓனரம்மா கத்தினாங்க. பூவைப் பிச்சதுக்குத் தனியாக் கத்தினாங்க. சாமிக்கு வைக்கிற பூவாம். நானும் சாமி காரியத்துக்குத்தான் பறிச்சேன், வேற சாமி, அவ்ளோதான்.

ஒத்த இதழைப் பேப்பர் மேல வெச்சுப் பெருசா வரைஞ்சேன். ஒரு ஓரம் வயிறு தள்ளிட்டு இருக்கு, இன்னொரு ஓரம் உள்வாங்கி இருக்கு. அந்த வளைவு வர்றதுக்குள்ள எத்தனை பேப்பர் கிழிச்சேன் தெரியுமா. எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து வந்து "இன்னிக்குப் பேப்பர் எங்க"ன்னு தேடறார். ஜெசிந்தா இடுப்புல நிக்குது, பாதி நியூஸ் இருக்கு, படிங்கன்னேன். உங்க பொண்ணைச் சுத்தச் சொன்னேன். சுத்துச்சு பாருங்க, அந்தப் பேப்பர் பூ அப்படியே திரும்பி விரிஞ்சுது. எங்க கைக்குழந்தை ஒரு இதழைப் புடிச்சு வாயில போட்டுக்கிட்டா. அவளுக்கே அது பூவாட்டம் தெரிஞ்சிருக்கு.

அப்ப, பேப்பர்ல வந்தது துணியில வரலன்னா யார் மேல தப்பு? நீங்களே சொல்லுங்க. தோ, இடுப்புப்பட்டில குத்தி வெச்சிருக்கேன் பாருங்க. மூணு இதழ் இப்படித் திரும்புது, மத்தது அப்படித் திரும்புது. தாம்பரம் ஸ்டேஷன்ல எறங்கறவங்களும் ஏறுறவங்களும் ஒரே வாசல்ல முட்டிக்கிற மாதிரி. நந்தியாவட்டை எங்க இருக்கு இதுல... மிச்சத் துணியும் கைக்குட்டைக்குக் காணாது.

அதான் துண்டுத் துணியைக் கையில குடுத்து எங்க வீட்டுக்காரரை இந்தத் துணி எடுத்த தசரதன் கடைக்கு அனுப்பிட்டேன். சாட்டின் முறுக்கிக்குது, வேற குடுங்கன்னு கேளுங்கன்னு. அவர் சண்டைக்குப் போனா "தப்பா நெனைக்காதீங்க"ன்னுதான் ஆரம்பிப்பார். அதனால சொல்லியே அனுப்பினேன், நாலு கஸ்டமர் இருக்கும்போது சத்தமாக் கேளுங்க, அப்பதான் மதிப்பாங்கன்னு.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? என் வெட்டு மேல சந்தேகமா? இருங்க, உங்க கண்ணு முன்னால வெட்டிக் காட்றேன். இந்தப் பேப்பரை எடுத்தமா... ரெண்டா மடிச்சமா... மேல இதழை வெச்சமா. இந்தப் பக்கம் வயிறு, அந்தப் பக்கம் வளைவு. வெட்டறேன் பாருங்க. ஒரே வெட்டுல ரெண்டு இதழ். இப்பப் பிரிச்சா ஒண்ணு இப்படி, இன்னொண்ணு...

இன்னொண்ணு அப்படி.

...

அக்கா, சாட்டினையும் நான் மடிச்சுத்தான் வெட்டினேன்.

சிரிக்காதீங்க. ரவிக்கை தைக்கிறவ கை இது. ரவிக்கைக்கு ரெண்டு கை, ரெண்டு முன்பக்கம், ஒண்ணு எடது ஒண்ணு வலது. துணின்னு கையில வந்தாலே மடிச்சிடும். பேப்பர்ல ஏன் தெரியலைன்னா, பேப்பருக்கு எந்தப் பக்கமும் வெளிப்பக்கம், எதிர்ப்பக்கம் பாத்ததைத் திருப்பிக் குத்திட்டிருப்பேன். சாட்டினுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். எப்படித் திருப்பறது... மூணு தடவை மடிச்சு வெட்டி, மூணு இதழ் இந்தப் பக்கம், மூணு எதிரி. உங்க வீட்டுக்காரர் ஆசையா எடுத்தாந்த துணிக்கா. ஞாயித்துக்கெழமை பாப்பா என்னத்தைப் போட்டுக்கிட்டுப் போகும்...

அந்த எதிரி இதழை ஏன் எடுக்கறீங்க? திருப்பாதீங்க, அது மங்கல் பக்கம்... இருங்க. திருப்பினதும் இதுவும் மத்ததோட ஒரே பக்கமாத் திரும்புதே! அப்படியே புடிங்க. பளபளப்புக்குப் பக்கத்துல வைங்க. இன்னும் கொஞ்சம் அடியில சொருகுங்க.

ஜன்னலண்ட வாங்க. அந்தச் செடியைப் பாருங்க. ஒரு இதழ்ல வெயில் விழுது, அடுத்த இதழ் அதோட நெழல்ல இருக்கு, இல்ல? எல்லாம் ஒரே வெள்ளையா இருந்தா மடிப்பே தெரிஞ்சிருக்காது. பளபளப்பு, மங்கல், பளபளப்பு, மங்கல், பளபளப்பு. அஞ்சு. பளபளப்பு ரெண்டு பக்கத்துல பக்கத்துல வர்றதைப் பின்னால தள்ளி மேல ரிப்பன் முடிச்சு கட்டிடறேன். ஆறாவதை ஜெபமாலை வைக்கச் சுருக்குப்பையாத் தெச்சுடலாம். நாளைக்குச் சாயந்திரம் பாப்பாவை அனுப்புங்க, போட்டுப் பாத்துடலாம். உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது இதெல்லாம்? ஒரு தடவ கூட ஊசி புடிச்சதில்லைன்னீங்களே, சாமர்த்தியக்காரி.

சைக்கிள் மணி கேக்குதில்ல?

அவர்தான். வெறும் கையோட வந்தா நல்லது. அட, கேரியர்ல யாரு உக்காந்திருக்காங்க... அக்கா, அது தசரதன். கையில இன்ச் டேப்பு வேற. கடையை விட்டுட்டு நியாயம் கேக்க வந்துட்டாரு மனுஷன். இவர் உண்மையிலேயே சத்தமாக் கேட்டுட்டாரு போலிருக்கே, இத்தனை நாள் இல்லாம இன்னிக்கா என் பேச்சைக் கேக்கணும்.

நீங்க எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, நீங்க இருந்தா ரெண்டு பேரும் என் மேல கத்த மாட்டாங்க. அடுப்புல பால் வெச்சிருக்கீங்களா? இவ்ளோ நேரம் இல்லாத பாலா...

சரி, போறதுதான் போறீங்க, அந்த மடிச்சு வெட்டின பேப்பரை முந்தானைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போயிடுங்கக்கா.